வாடகையை வசூலித்துவிட்டுத் தராத ஏஜென்ட்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வீட்டு உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓசூரில் சிப்காட்டை நம்பி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களில் பலர் ஓசூரில் இருப்பதில்லை. தர்மபுரியிலோ அரூரிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், சிலர் வளைகுடாவில் இருப்பார்கள். ஆள் பிடிப்பது, அட்வான்ஸ் வாங்குவது, மாதாமாதம் வாடகை வசூலிப்பது எல்லாம் உள்ளூர் ஏஜென்ட் பொறுப்பு. நல்ல ஏஜென்ட் கிடைத்தால் நிம்மதிதான். ஆனால் குடியிருப்பவர் கொடுத்த வாடகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் போட்டுடறேன் சார்" என்று மாதக்கணக்கில் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. "குடியிருக்கிறவங்க இன்னும் தரலை" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

குடியிருப்பவரிடமே கேளுங்கள். போனில் கேட்பதைவிட நேரில் ஒரு நடை போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஷிப்ட் வேலைக்காரர்கள்கூட வீட்டில் இருப்பார்கள். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, உங்கள் அடையாள அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் குடியிருப்பவர்கள் உரிமையாளரைப் பார்த்ததே கிடையாது. திடீரென்று ஒருவர் வந்து "நான்தான் ஓனர்" என்றால் அவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்.

வாடகையைப் பணமாகக் கொடுத்தார்களா, ஜிபேயில் அனுப்பினார்களா, எந்தப் பெயரில் உள்ள எண்ணுக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு, மொபைலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வரப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் அடித்தளம். அப்படியே மின் கட்டணமும் சொத்து வரியும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாடகையைப் பிடித்து வைப்பவர் இவற்றுக்கு நீங்கள் கொடுத்த பணத்தையும் கட்டாமல் விட்டிருக்கலாம்.

வாடகை வாங்கிவிட்டார் என்று உறுதியாகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

அடுத்த மாத வாடகை அவர் கைக்குப் போகாமல் தடுங்கள். பழைய பணத்தைக் கேட்டுப் போராடுவது அதற்கு அப்புறம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏஜென்ட்டோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள். அவரைப் பகைத்துக்கொண்டால் பழைய பணமும் போய்விடுமோ என்ற பயம். அதற்குள் அவர் இன்னும் நான்கு மாத வாடகையை வசூலித்துவிடுவார். பொறுத்துப் போவதால் பழைய பாக்கி வந்து சேர்வதில்லை, புதுப் பாக்கிதான் ஏறுகிறது.

குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பிலும் காகிதத்திலும் தகவல் கொடுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நீங்கள் குடியிருக்கும் மத்திகிரி வீட்டின் (முதல் மாடி, பின் போர்ஷன்) உரிமையாளர் நான். என் சார்பில் வாடகையோ அட்வான்ஸோ வாங்க இன்று முதல் திரு. ......... அவர்களுக்கு அனுமதி இல்லை. இந்த மாத வாடகையிலிருந்து கீழே உள்ள என் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பவும். இதுவரை அவரிடம் கொடுத்து ரசீதோ வங்கிப் பதிவோ உள்ள வாடகை, எனக்குக் கொடுத்ததாகவே கணக்கில் வைக்கப்படும். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது, யாரிடம் கொடுத்தீர்கள் என்று பதில் அனுப்பவும்."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்கள் மிக முக்கியம். இருமுறை வாடகை கட்ட வேண்டியிருக்குமோ என்ற பயம் போனால்தான் குடியிருப்பவர் உங்கள் பக்கம் நிற்பார். ஓசூரில் குடியிருப்பவருக்குக் கன்னடமோ தெலுங்கோ இந்தியோ மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் மொழியில் ஒரு குரல் பதிவும் சேர்த்து அனுப்புங்கள். காகிதத்தின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அதே நாளில் ஏஜென்ட்டுக்கும் அனுமதி ரத்து என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

குடியிருப்பவர் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டார், ஆனால் எனக்கு வரவில்லை. அவரிடமே மறுபடி கேட்கலாமா? காலி செய்யச் சொல்லலாமா?

இரண்டும் கூடாது. வாடகை வாங்க நீங்கள் நியமித்த ஆளிடம் கொடுத்தால் அது உங்களிடம் கொடுத்ததற்குச் சமம். குடியிருப்பவருடைய கடன் அங்கேயே தீர்ந்துவிட்டது. உங்களுக்கும் ஏஜென்ட்டுக்கும் உள்ள வழக்கில் அவர் சாட்சிதான்.

இன்னொன்று. ஏஜென்ட்டை நீக்கிவிட்டதாக நீங்கள் மனதில் முடிவு செய்தாலோ அவரிடம் மட்டும் சொன்னாலோ போதாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, நீக்கியது மூன்றாம் நபருக்குத் தெரிந்த பிறகுதான் அவர் விஷயத்தில் செல்லும். தெரியாமல் அவர் ஏஜென்ட்டிடம் கொடுத்த வாடகை கொடுத்ததுதான். மேலே சொன்ன தகவலை உடனே அனுப்பச் சொன்னது இதற்காகவும்தான்.

கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, மெயின் சுவிட்சை இறக்குவது போன்ற வேலைகள் வேண்டாம். வாடகை பாக்கி உண்மையாகவே இருந்தாலும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. தப்பே செய்யாதவர் விஷயத்தில் அது பாவமும்கூட.

"மோட்டார் ரிப்பேர், பெயின்ட், என் கமிஷன் எல்லாம் கழிச்சுக்கிட்டேன்" என்கிறார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 217ஆம் பிரிவு, உங்களுக்காக முறையாகச் செய்த செலவையும் தனக்குச் சேரவேண்டிய கூலியையும் கையில் உள்ள வசூலிலிருந்து பிடித்துக்கொள்ள ஏஜென்ட்டை அனுமதிக்கிறது. அதைக் கழித்து மீதி முழுவதையும் உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது 218. கேட்டால் சரியான கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213. ஆக, செலவு என்று வாயால் சொன்னால் போதாது, பில் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு போர்ஷன், தலா 8,500 ரூபாய், மாத வசூல் 51,000. உங்களுக்கு வந்தது 20,000. மோட்டாருக்கு 7,000, பெயின்டுக்கு 12,000, ஐந்து சதவீதக் கமிஷன் 2,550 என்கிறார். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றாலும் கூட்டினால் 21,550தான் வருகிறது. மீதி 9,450க்கு அவரிடமே பதில் இல்லை. இனி பில்லைக் கேளுங்கள். மோட்டார் பில்லில் 4,200 இருக்கிறது. பெயின்ட் அடித்ததாகச் சொன்ன போர்ஷனில் இரண்டு வருடமாக அதே குடும்பம்தான் இருக்கிறது, யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. அப்படியென்றால் அவர் பிடிக்கக்கூடியது 4,200 கூட்டல் 2,550, மொத்தம் 6,750. உங்களுக்கு வரவேண்டியது 44,250. வந்த 20,000 போக, பாக்கி 24,250.

ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி ஒரு தாளில் போட்டு வையுங்கள். வக்கீலிடம் போனாலும் காவல் நிலையத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான். "ஒரு ரெண்டு ரெண்டரை லட்சம் இருக்கும் சார்" என்று சொல்பவரின் புகாரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையில் முறைகேடு செய்த பகுதிக்கு ஏஜென்ட் கமிஷன் கேட்க முடியாது என்று 220ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் நோட்டீஸில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

எழுதி வாங்கவே இல்லை. வாய்ப்பேச்சுதான். ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். எழுதித்தான் ஏஜென்ட்டை நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நடத்தையே போதும். இத்தனை மாதம் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வாடகை வந்த வங்கிப் பதிவு, "இந்த மாசம் வாடகை போட்டாச்சு" என்று அவர் அனுப்பிய செய்தி, குடியிருப்பவருக்கு அவர் கொடுத்த ரசீது எல்லாம் சான்றுதான். வாட்ஸ்அப் செய்திகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்க்க வேண்டியிருக்கும், அதை வக்கீல் தயார் செய்வார். அதுவரை அந்தப் போனை விற்காதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். கணக்கும் பணமும் கேட்டீர்கள், அவர் மறுத்தார் அல்லது பதிலே சொல்லவில்லை என்பதற்கு அதுதான் தேதியிட்ட சான்று. மாதவாரியான கணக்குத் தாளை இணைத்து, 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கடை முகவரி, வீட்டு முகவரி இரண்டுக்கும் போகட்டும். வாங்காமல் திருப்பி அனுப்பினால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

நோட்டீஸ் போன கையோடு பலர் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். அப்போது தவணை கேட்டால் கொடுக்கலாம், ஆனால் மொத்தப் பாக்கி இவ்வளவு என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். உண்மையா?

சில நேரம் உண்மை. கமிஷன் எத்தனை சதவீதம், ரிப்பேர் செலவு நியாயமா என்பது மட்டும்தான் தகராறு என்றால் அது சிவில்தான். கடன் வசூலுக்குக் காவல்துறையைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுக்காக வாங்கிய பணத்தை நேர்மையற்ற முறையில் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் வரும். அதன் ஐந்தாம் உட்பிரிவு, ஏஜென்ட் தொழில் செய்பவரே இதைச் செய்தால் பத்து ஆண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ சிறை என்கிறது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, 409 பிரிவுகள் பொருந்தும்.

ஆகவே புகாரை எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. "எனக்குப் பணம் தரணும், வாங்கிக் கொடுங்க" என்று எழுதினால் சிவில் என்பார்கள். குடியிருப்பவர் இன்னார் இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தார், அதே நாளில் ஏஜென்ட் "அவங்க இன்னும் தரலை" என்று எனக்குச் செய்தி அனுப்பினார், இதோ இரண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பொய்தான் குற்ற எண்ணத்தைக் காட்டுகிறது.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனி எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது. தொகை பெரிது, ஏமாந்தவர்கள் பலர் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போவது நல்லது. அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

வீடு ஓசூரில், நான் தர்மபுரியில், ஏஜென்ட் இப்போது பெங்களூரில். எந்த ஊரில் புகார் கொடுப்பது?

நம்பிக்கை மோசடியில் பணம் வாங்கப்பட்ட இடம், வைத்திருந்த இடம், கணக்குக் கொடுத்திருக்க வேண்டிய இடம் எதிலும் விசாரிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 201ஆம் பிரிவு இடம் தருகிறது. எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய்விட்டார் என்பதற்காக நீங்கள் கர்நாடகப் போலீஸைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாட்சிகள் எல்லாரும் ஓசூரில் இருப்பதால் ஓசூரில் கொடுப்பதே நடைமுறைக்கு வசதி.

விசாரிக்கப் போனபோது குடியிருப்பவர் "நாங்க வாடகைக்கு இல்லை, லீஸுக்கு ஆறு லட்சம் கொடுத்திருக்கோம்" என்றார். தலை சுற்றிவிட்டது.

இந்த மோசடி பெங்களூரில் பலமுறை நடந்திருக்கிறது. ஓசூர்க்காரர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்களிடம் மாதம் 10,000 ரூபாய் வாடகைக்கு என்று பேசி வீட்டை எடுக்கிறார் ஏஜென்ட். குடியிருக்க வருபவரிடம் ஆறு லட்சம் லீஸ், மாத வாடகை கிடையாது என்கிறார். அந்த ஆறு லட்சத்திலிருந்து உங்களுக்கு மாதம் 10,000 போட்டுக்கொண்டே வருகிறார். அறுபது மாதத்துக்கு அந்தப் பணம் போதும். ஆனால் அதற்குள் அதை வேறெங்கோ போட்டிருப்பார், புது வீடுகளில் வாங்கும் லீஸ் பணத்தால் பழைய வீட்டு வாடகையைச் சமாளிப்பார். புது வீடு கிடைக்காத மாதத்தில் உங்களுக்கு வாடகை நின்றுபோகும். கொஞ்ச நாளில் கடையும் பூட்டியிருக்கும்.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள் உண்டு. ஏரியாவில் ஓடும் வாடகையைவிட ஆயிரம் இரண்டாயிரம் கூடத் தருகிறேன் என்பார். "குடித்தனக்காரங்களோட நீங்க பேச வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். குடியிருப்பவரோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டவே மாட்டார். பவர் பத்திரம் கேட்பார்.

நடந்துவிட்டது என்றால் பதற்றப்பட்டு அந்தக் குடும்பத்தை வெளியேற்ற முயலாதீர்கள். அவர்கள் தங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்திருக்கலாம். ஏஜென்ட்டுக்கு நீங்கள் கொடுத்த அதிகாரம் என்ன என்பதைப் பொறுத்துத்தான் அந்த லீஸ் உங்களைக் கட்டுப்படுத்துமா என்று முடிவாகும். மாத வாடகைக்கு விட மட்டும் என்று எழுத்தில் இருந்தால் உங்கள் நிலை பலமாக இருக்கும். லீஸ், போக்கியம் எல்லாம் செய்யலாம் என்று பவர் கொடுத்திருந்தால், அல்லது அவருக்கு அந்த அதிகாரம் இருப்பதாகக் குடியிருப்பவர் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டிருந்தால், சிக்கல் பெரிது. பவரைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உடனே ரத்து செய்யுங்கள், ஏஜென்ட்டுக்கும் குடியிருப்பவருக்கும் தெரியப்படுத்துங்கள். குடியிருப்பவரும் நீங்களும் தனித்தனிப் புகார் கொடுங்கள். இருவரும் ஒரே ஆளால் ஏமாற்றப்பட்டவர்கள் என்று காவல்துறைக்குத் தெரிந்தால் வழக்கு வலுப்படும். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தால் லாபம் ஏஜென்ட்டுக்குத்தான்.

குடியிருப்பவரின் அட்வான்ஸ் ஏஜென்ட்டிடம் இருக்கிறது. காலி செய்யும்போது யார் கொடுக்க வேண்டும்?

உங்கள் சார்பில் வாங்கியிருந்தால் நீங்கள்தான். கசப்பாக இருக்கும், ஆனாலும் அதுதான் முறை. கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை ஏஜென்ட் மீதான கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செக் கொடுத்தார், பணமில்லாமல் திரும்பிவிட்டது.

நாட்களைத் தவறவிடாதீர்கள். வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் அவர் பணம் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. பழைய வாடகைத் தகராறை நிரூபிப்பதைவிட இது எளிது, அதனால் பாக்கிக்கு அவர் செக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவில் கோர்ட், நுகர்வோர் ஆணையம், ரெரா: எங்கே போனால் சீக்கிரம் முடியும்?

ரெராவை (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) விட்டுவிடுங்கள். அந்தச் சட்டம் மனை, வீடு விற்பனைக்கானது. வாடகை வசூல் அங்கே வராது.

கமிஷன் வாங்கிக்கொண்டு சேவை செய்தவர் என்ற முறையில் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள். ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இது பொருந்தி வரும். இருபது முப்பது போர்ஷன் கட்டித் தொழிலாகவே நடத்துபவர் என்றால் "வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

சிவில் வழக்கில் கணக்கும் பணமும் வட்டியும் கேட்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு இருவரையும் அழைப்பார்கள், கட்டணம் இல்லை. அங்கே லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஊரில் தொடர்ந்து தொழில் செய்ய நினைக்கும் ஏஜென்ட் இதற்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். ஊரைவிட்டு ஓடிப்போனவர் விஷயத்தில் காவல்துறைதான் வழி.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. கணக்குக் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்தும், அப்படி மறுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஏஜென்ட் உறவு முடிந்த நாளிலிருந்தும் எண்ணுவார்கள்.

கைக்கு வராத வாடகைக்கும் வருமான வரி கட்ட வேண்டுமா?

குடியிருப்பவர் தராமல் போன வாடகைக்குத்தான், சில நிபந்தனைகளோடு, விலக்கு. உங்கள் ஏஜென்ட் வாங்கிவிட்டார் என்றால் வாடகை வசூலாகிவிட்டது என்றே பொருள்படும். ஆடிட்டரிடம் கணக்குத் தாளையும் நோட்டீஸ் நகலையும் காட்டிப் பேசுங்கள்.

இனி ஏஜென்ட்டே வைக்கக்கூடாதா?

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஆள் தேவைதான். பணத்தை மட்டும் அவர் வழியாக ஓடவிடாதீர்கள். வாடகையும் அட்வான்ஸும் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும், அவருக்குக் கமிஷனை நீங்கள் அனுப்புங்கள். குடியிருப்பவரோடு போடும் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும், உங்கள் போன் எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யுங்கள். ஏஜென்ட்டிடம் ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள்: ஆள் பார்க்கலாம், சாவி கொடுக்கலாம், இத்தனை ரூபாய் வரை கேட்காமல் ரிப்பேர் செய்யலாம், லீஸுக்கோ போக்கியத்துக்கோ விட அதிகாரம் இல்லை.

பணமாக மட்டும்தான் கொடுப்பேன் என்கிற குடியிருப்பவர் இருந்தால், வாடகைத் தேதி முடிந்த ஐந்தாம் நாள் அவருக்கே ஒரு போன் போட்டு "இந்த மாசம் கொடுத்துட்டீங்களாம்மா, ரசீது வாங்கினீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.